எட்டு முகவரிகள்

எங்கள் வீட்டுக் கணனிக்கு ஒரு வெள்ளிக்கிழமை இரவு இணையம் கிடைக்காமல் போனது. அது திரும்பி வர ஞாயிற்றுக்கிழமை இரவாகிவிட்டது. இடையிலிருந்த அந்த இரண்டு நாள்களில் என் தம்பிக்கு நான் செய்த அநியாயத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கணனியில் என்ன பிழை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

தம்பி எட்டாம் தரத்தில் படிக்கிறான். சதுரங்கம் என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். பாடசாலை அணிக்கு ஆள் எடுப்பதற்காக, சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு இணையத்தில் தெரிவுப் போட்டிகள் நடக்கும் என்று பொறுப்பாசிரியர் அறிவித்திருந்தார். தவணைப் பரீட்சை காரணமாகத் திங்கட்கிழமையிலிருந்து ஹோலில் இருந்த கணனியை யாரும் தொடவில்லை. பரீட்சை முடிந்து, வெள்ளிக்கிழமை மஃரிப் தொழுதுவிட்டு வந்தவன் ஆசையோடு அதைப் போட்டான்.

"ராத்தா, இன்டர்நெட் வருதில்ல."

போய்ப் பார்த்தேன். திரையின் வலது மூலையில் மஞ்சள் முக்கோணம் ஒன்றும் அதற்குள் ஆச்சரியக் குறியும் இருந்தன. பிழையைத் தேடும்படி விண்டோஸிடம் சொன்னபோது, செல்லுபடியான ஐபி அமைப்பு இல்லை என்று பதில் வந்தது. ஆனால் வாப்பாவின் கைபேசியிலும் உம்மாவின் கைபேசியிலும் எனது டப்பிலும் இணையம் நன்றாக வேலை செய்தது.

நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை ஒரு பாடமாக எடுத்தவள். வீட்டில் எந்தப் பொத்தான் வேலை செய்யாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கைபேசிகளில் இணையம் இருக்கிறது, ஆகவே றவுட்டரில் பிழையில்லை. கணனியில் மட்டும் இல்லை, ஆகவே கணனியில்தான் பிழை. கணனியில் என்றால் அதை யார் பாவிக்கிறார்கள்? இப்படியே ஒரு நிமிடத்துக்குள் யோசித்து முடித்துவிட்டேன். பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். ஏதோ ஒரு விளையாட்டின் கோப்பு அதற்குள் கிடந்தது.

"இதுதான் வாப்பா. இவன் கண்ட கண்டதையெல்லாம் இறக்கியிருக்கிறான். வைரஸ் வந்திருக்கும்."

"நான் ஒண்டும் செய்யல்ல ராத்தா. அது பழைய கேம்."

வாப்பா என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். படித்தவளின் பேச்சு அங்கே எடுபட்டது. "ஒரு கிழமைக்கு கணனியும் இல்ல, ஃபோனும் இல்ல" என்றார். தம்பி ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். அவன் இருந்த கதிரையில் நான் அமர்ந்தேன்.

இதை வாசிக்கும் பெற்றோருக்காக, கணனிக்கு அன்று கிடைக்காமல் போன அந்த முகவரி என்ன என்பதைச் சிறிது விளக்குகிறேன்.

ஒரு வீட்டில் ஐந்து சாதனங்கள் ஒரே றவுட்டரைப் பாவித்தால், எது யாருக்கு உரியது என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் வேண்டும். அதுதான் ஐபி முகவரி. அதை நாம் கையால் எழுதிக் கொடுப்பதில்லை. புதிதாக வரும் சாதனத்துக்கு யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அதற்குச் சொந்த முகவரி இல்லாததால் 0.0.0.0 என்று போட்டுக்கொண்டு, 255.255.255.255 என்ற, எல்லோருக்கும் கேட்கும் முகவரியை நோக்கிக் குரல் கொடுக்கும். "இங்கே முகவரி தருபவர் யாராவது இருக்கிறீர்களா?" என்பதுதான் அதன் பொருள். றவுட்டர் அதைக் கேட்டு, "இந்த முகவரி இருக்கிறது, வேண்டுமா?" என்னும். "வேண்டும், அதையே தாருங்கள்" என்று சாதனம் கேட்கும். "சரி, இவ்வளவு காலத்துக்கு அது உன்னுடையது" என்று றவுட்டர் உறுதி சொல்லும். நான்கு பேச்சுகளில் காரியம் முடிந்துவிடும். டி.எச்.சி.பி. என்று எங்கள் பாடத்தில் படிப்பது இதைத்தான். கொடுக்கப்படும் முகவரி சொந்தமல்ல, தவணைக்குத்தான். தவணை முடியுமட்டும் அதை வேறொருவருக்குக் கொடுப்பதில்லை.

அந்தக் குரலுக்குப் பதிலே வராவிட்டால் என்ன நடக்கும்? கணனி சில தடவைகள் கேட்டுப் பார்க்கும். பிறகு தானாகவே ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். அது எப்போதும் 169.254 என்றுதான் தொடங்கும். பக்கத்தில் வேறு யாரும் அதே முகவரியை வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த முகவரியோடு றவுட்டரைத் தாண்டி வெளியே போக முடியாது. பார்வைக்கு முகவரி மாதிரி இருக்கும், இணையத்துக்கு உதவாது.

வெள்ளிக்கிழமை இரவு நான் கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகொன்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்தபோது அந்த 169.254 தான் வந்தது. அப்போதே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். 'கேட்டேன், பதில் வரவில்லை' என்று கணனி எழுதித் தந்திருந்தது. அந்த இலக்கத்தின் பொருள் எனக்குத் தெரியும். பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறேன். ஆனால் நான் வைரஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை முழுவதும் கணனியைத் துப்புரவு செய்தேன். தம்பியின் விளையாட்டை அழித்தேன். வைரஸ் தேடும் மென்பொருளை இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. றவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடலாமா என்று உம்மா கேட்டார். "ஃபோன் எல்லாம் வேல செய்யுதுதானே உம்மா, அதில பிழ இல்ல" என்று மறுத்துவிட்டேன்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தம்பி என் அறை வாசலில் வந்து நின்றான்.

"ராத்தா, வாப்பாட்டச் சொல்லுங்களன். ஒரு மணித்தியாலம் மட்டும் ஃபோனத் தரச் சொல்லி."

"முதல்ல செஞ்சத ஒத்துக்கொள். பிறகு சொல்றன்."

"செய்யாதத எப்படி ஒத்துக்கொள்ற?"

நான் பதில் சொல்லவில்லை. அவன் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது, பின்வாசல் படியில் பலகையை விரித்து வைத்துக்கொண்டு, வெள்ளைக்கும் கறுப்புக்கும் தானே மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தான். அப்போதும் எனக்கு மனம் இளகவில்லை. பொய் சொல்பவனுக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் எனக்கு மேலதிக வகுப்பு. மஃரிபுக்குப் பிறகு மீண்டும் கணனியின் முன் அமர்ந்தேன். இந்த முறை ஊகிப்பதை விட்டுவிட்டு, எங்கள் ஆசிரியை வகுப்பில் சொல்லித் தந்த ஒழுங்கில், ஒவ்வொன்றாகப் போவோம் என்று கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதலாவது, கேபிள். இரு முனைகளையும் கழற்றிச் 'சடக்' என்று சத்தம் கேட்கும்வரை செருகினேன். கணனியின் பின்னால் சிறிய பச்சை விளக்கு எரிந்தது. றவுட்டரிலும் அந்தத் துளைக்குரிய விளக்கு எரிந்தது. வேறு துளையில் மாற்றிச் செருகியும் பார்த்தேன். மாற்றமில்லை.

இரண்டாவது, கணனியின் உட்பகுதி. 127.0.0.1 என்பது கணனி தன்னைத் தானே கூப்பிடும் முகவரி. அதற்கு பிங் கொடுத்தேன். நான்கு தடவையும் பதில் வந்தது. வலையமைப்புக்கான மென்பொருள் உயிரோடு இருக்கிறது.

மூன்றாவது, முகவரியைத் தானாகப் பெறும்படி கணனி அமைக்கப்பட்டிருக்கிறதா? ஆம், அப்படித்தான் இருந்தது. பழைய முகவரியை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கும்படி கட்டளை கொடுத்தேன். நெடுநேரம் காத்திருந்தது. கடைசியில் டி.எச்.சி.பி. சேவையகத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றது.

இதற்கிடையில் பதிவிறக்கக் கோப்புறையின் ஞாபகம் வந்தது. விளையாட்டுக் கோப்பை வெள்ளிக்கிழமை பார்த்தேனே தவிர அதன் திகதியைப் பார்க்கவில்லை. நான் அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் இன்னும் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். மூன்று கிழமைகளுக்கு முந்திய திகதி. அதற்குப் பிறகு இதே கணனியில், இதே இணையத்தில், நானே எத்தனையோ நாள் கடந்தகால வினாத்தாள்களை இறக்கியிருக்கிறேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கியது போலிருந்தது.

நான்காவதாக ஒரு சோதனை மிச்சமிருந்தது. றவுட்டரிடம் கேட்காமல், நானே கையால் ஒரு முகவரியைக் கொடுத்துப் பார்ப்பது. அது வேலை செய்தால் கேபிளும் கணனியும் றவுட்டரின் துளையும் எல்லாம் சரி, முகவரி கொடுக்கும் வேலை மட்டும்தான் பிழை என்று தெரிந்துவிடும். ஆனால் றவுட்டர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் இலக்கத்தை எடுத்தால் இரண்டு சாதனங்கள் மோதிக்கொள்ளும். அதன் எல்லைக்கு வெளியே ஒன்றை எடுக்க வேண்டும். 192.168.1 என்று தட்டெழுதிவிட்டு, கடைசி இலக்கத்துக்காக, எங்கள் றவுட்டர் எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம்வரை கொடுக்கிறது என்று என்னையே கேட்டேன்.

நூறிலிருந்து நூற்றேழுவரை.

விடை உடனே வந்தது. ஏனென்றால் அந்த எல்லையைப் போட்டது நான்தான்.

செவ்வாய்க்கிழமை இரவு. வலையமைப்பைப் பிரிப்பது பற்றிய பாடத்தை மீட்டிக்கொண்டிருந்தேன். உலகத்தில் இந்த வகை முகவரிகள் மொத்தமே 4,294,967,296 தான் என்றும், பொதுக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரியில் பிராந்தியங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டு முடிந்தன என்றும் குறிப்பு எழுதியிருந்தேன். முகவரியை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் தலைக்கேறியது. டப்பிலேயே றவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நூறு முகவரிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. வாப்பாவின் ஃபோன், உம்மாவின் ஃபோன், எனது டப், தொலைக்காட்சி, கணனி என்று எங்களிடம் இருப்பவை ஐந்து. ஐந்துக்கு எதற்கு நூறு? எட்டுப் போதும். பக்கத்திலிருந்த தவணைக் காலத்தையும் ஒரு நாளிலிருந்து ஏழு நாளாக்கினேன். அடிக்கடி கேட்டுத் தொல்லைப்படாமல் இருக்கட்டும் என்று. சேமித்தேன். றவுட்டர் ஒருமுறை அணைந்து எரிந்தது. எல்லாம் வேலை செய்தது. பாடத்தைச் செய்து பார்த்துவிட்ட பெருமையோடு தூங்கினேன். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீடுகளுக்குள்ளேயே பாவிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டவை, அவற்றை நான் மிச்சம் பிடித்து உலகத்துக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் அதே பாடத்தில்தான் இருந்தது.

அப்படியானால் எட்டும் எங்கே போயின? விரலை மடித்து எண்ணினேன். கணனி அணைந்து கிடந்தது, ஆகவே வீட்டில் நான்கு. வியாழக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு நிகாஹுக்காக மாமி குடும்பம் வந்திருந்தது. மாமா, மாமி, அவர்களின் மகன்மார் இருவர். வந்ததும் முதலில் கேட்டது வைஃபை கடவுச்சொல்லைத்தான். துண்டில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். ஆளுக்கொரு ஃபோன். நாலும் நாலும் எட்டு.

அவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போய்விட்டார்கள். ஆனால் நான் போட்ட ஏழு நாள் தவணை முடியுமட்டும் அந்த நான்கு முகவரிகளும் அவர்கள் பெயரில்தான் இருக்கும். அந்த நிகாஹ் வீட்டில், ஆள் கணக்குப் பார்க்காமல் சஹன் வைத்ததால் கடைசியாக வந்தவர்கள் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துக் குறை சொன்னவள் நான். என் வீட்டில் நான் வைத்த சஹன் கணக்கும் அதுதான். அதைவிட மோசம், சாப்பிட்டு எழுந்து ஊருக்குப் போனவர்களின் இடத்தையும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

ஆனாலும் இந்த முறை தெரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடாமல் சரிபார்த்தேன். கணனிக்குக் கையால் 192.168.1.50 என்று கொடுத்தேன். இணையம் உடனே வந்தது. றவுட்டரின் பக்கத்தைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். எட்டு வரிகள். அதிலொன்றில் மாமியின் பெயர். இன்னொன்றில், மாமியின் மூத்த மகன் தன் ஃபோனுக்கு வைத்திருந்த ஒரு கிரிக்கெட் வீரரின் பெயர். அதற்கு நேரே, மீதிக் காலம் நான்கு நாளும் சில மணித்தியாலங்களும் என்றிருந்தது.

சனிக்கிழமை உம்மா சொன்னபடி றவுட்டரை அணைத்துப் போட்டிருந்தால் அந்தப் பட்டியல் அழிந்து, கணனி பெரும்பாலும் சரியாகியிருக்கும். தம்பி போட்டியிலும் விளையாடியிருப்பான். ஆனால் ஏன் சரியாகியது என்று யாருக்கும் தெரிந்திராது. விளையாட்டை அழித்ததால்தான் சரியாகியது என்று நான் சொல்லியிருப்பேன். எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

இஷா தொழுதுவிட்டு வாப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முகவரிக் கணக்கு அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் விளங்க வேண்டியது விளங்கியது. சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"நானும் அவனிட்ட ஒரு கேள்வி கேக்காமத்தான் தீர்ப்புச் சொல்லிட்டன்" என்றார். பிறகு, "தம்பியிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"முதல்ல அங்க சொல்லணும். பிறகு ஸூரத்துல் ஹுஜுராத்த அர்த்தத்தோட ஒருக்கா ஓதிப் பாருங்க மகள்."

தம்பி தூங்காமல்தான் படுத்திருந்தான். சொன்னேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அப்ப என்ட கேம் பிழையில்லயா?"

"இல்ல."

"அத அழிச்சிட்டீங்களே."

"குப்பைத் தொட்டியில இருக்கு. எடுத்துத் தாறன்."

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னான்: "சனிக்கிழம முடிஞ்சி போச்சே ராத்தா."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கோப்பை எடுத்துக் கொடுக்கலாம். சனிக்கிழமையை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? மறுநாள் வாப்பா பாடசாலைக்குப் போய்ப் பொறுப்பாசிரியரிடம் பேசினார். பெயர்ப் பட்டியல் கொடுத்து முடிந்துவிட்டது. மேலதிக வீரனாக ஓர் இடம் தந்தார்கள். அணி போட்டிக்குப் போன அன்று தம்பியும் கூடப் போனான். ஓர் ஆட்டம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை.

அன்றிரவு வாப்பா சொன்ன ஸூறாவை ஓதினேன். சந்தேகங்களைத் தவிர்ந்துகொள்ளும்படி சொல்லும் 12 ஆவது வசனத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். எத்தனையோ தடவை ஓதிய வசனம்தான்.

அந்த 169.254 ஐப் பற்றி நான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். பதில் கிடைக்காதபோது கணனி தானாக ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டது. காரணம் தெரியாதபோது நானும் தானாக ஒரு காரணத்தைப் போட்டுக்கொண்டேன். ஆனால் கணனி நேர்மையானது. அது எடுத்துக்கொள்ளும் இலக்கத்தைப் பார்த்தவுடனேயே, இது கேட்டுப் பெற்றதல்ல, தானாக வைத்துக்கொண்டது என்று தெரிந்தவர் எவருக்கும் தெரியும். நான் வாப்பாவிடம் சொன்ன காரணத்தில் அப்படி ஓர் அடையாளமும் இருக்கவில்லை. 'எனக்குத் தெரியாது, ஊகிக்கிறேன்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் வாப்பா தம்பியிடமும் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

தோழிகளே, உங்கள் வீட்டுக் கணனியும் ஒருநாள் இந்த இலக்கத்தைக் காட்டலாம். கேபிளைப் பாருங்கள், விளக்கைப் பாருங்கள், முகவரியைத் தானாகப் பெறும்படி இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற ஃபோன்கள் வேலை செய்வதால் றவுட்டரில் பிழையில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அவை முந்தி வந்து இடம் பிடித்தவையாக இருக்கலாம். கடைசியாக எது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை முதலில் உங்களிடமே கேளுங்கள்.

றவுட்டரை அன்றிரவே நான் திருத்தவில்லை. மறுநாள் தம்பியைக் கதிரையில் அமர்த்திக் கடவுச்சொல்லையும் சொல்லிக் கொடுத்தேன். 107 ஐ அழித்து 199 என்று அவனே தட்டெழுதினான். தவணையை ஒரு நாளாக்கினான். கணனியை மறுபடியும் தானாக முகவரி பெறும்படி மாற்றினான். மஞ்சள் முக்கோணம் மறைந்தது.

"இனி யார் என்ன மாத்தினாலும் எழுதி வைக்கணும் ராத்தா" என்றான். பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, நூலில் கட்டி, கணனி மேசையின் பக்கத்தில் தொங்கவிட்டான். திகதி, மாற்றியது யார், என்ன மாற்றினார் என்று மூன்று நிரல்கள் கோடிட்டான். பிறகு பேனையை என்னிடம் நீட்டினான்.

முதல் வரியில், அந்தச் செவ்வாய்க்கிழமையின் திகதியைப் போட்டு, என் பெயரை எழுதினேன்.